சுக்கான் உங்கள் கையில் இருக்கட்டும், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய மோட்டார் படகில் நீங்கள் இருவர் மட்டுமாக டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்து லங்காவிக்கும், அங்கிருந்து தாய்லாந்தின் லிப்பே தீவு வழியாக ஃபூக்கெட்டுக்கும் போய், தைப்பூசத்துக்குள் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் திரும்பிவிடப் போவதாகச் சொன்னீர்கள். கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால், "சமையலுக்கு என்னென்ன எடுத்துக்கொள்வது என்று மட்டும் சொல், மற்றதையெல்லாம் அத்தான் பார்த்துக்கொள்வார்" என்றீர்களே, அந்த "மற்றதையெல்லாம்" பற்றித்தான் இக்கடிதம். உங்கள் நிலையில் இருக்கும் வேறு சிலரும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

காலத்தைத் தேர்ந்தெடுத்ததில் அத்தானைக் குறை சொல்ல முடியாது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் கிளந்தானையும் திரெங்கானுவையும் வெள்ளத்தில் ஆழ்த்தும் அதே வாடைக்காற்றுதான், தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து நம் பக்கம் வரும்போது ஈரத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் மழை கொஞ்சம் மிச்சமிருக்கும். ஜனவரியும் பிப்ரவரியும் பினாங்கில் வறண்ட மாதங்கள். விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று பாய்ந்து வரும் சூறைக்காற்றின் காலமும் அதற்குள் ஓய்ந்திருக்கும். குளிர்காலப் படகுப் பயணம் என்று தேடினால் கிடைக்கும் வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். வான்கூவரில் டிசம்பர் நடுவில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்; அங்கே பயணம் என்பது பாதி நாள் இருட்டோடும் மீதி நாள் ஹீட்டரோடும் நடத்தும் போராட்டம். நமக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் இருக்கிறது. காலை ஏழே காலை ஒட்டி விடிந்து, மாலை ஏழைத் தாண்டித்தான் சூரியன் மறையும்.

இருந்தாலும் வாடை என்றால் தாலாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. இரவின் பிற்பகுதியிலும் காலையிலும் வலுத்து, பிற்பகலில் தணிவது வழக்கம். கரையை ஒட்டி ஓடினால், அலை எழும்ப இடமில்லாததால் நீர் தட்டையாக இருக்கும். விலகிப் போகப் போகக் குறுகிய, செங்குத்தான அலைகள் வலப்பக்கத்தில் அறைந்துகொண்டே வரும். அப்படியானால் கரையோரமாகவே போய்விடலாமே என்பீர்கள். கெடாக் கரையில் சேறு படிந்த ஆழம் குறைந்த பரப்பு வெகுதூரம் நீள்கிறது. அங்கேதான் வலைகளும் மீன்பொறிகளும் நிறைய. மூங்கில் கழியில் கட்டிய கறுப்புத் துணி ஒன்றுதான் பல இடங்களில் அடையாளம். ஆகவே இரண்டுக்கும் இடையில் ஒரு பாதையை வகுத்துக்கொண்டு, படகின் முன்னால் கிடக்கும் நீரை ஒருவர் ஓயாமல் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒருவரே இதை எட்டு மணி நேரம் செய்ய முடியாது. நீங்கள் பயணியாகப் போக முடியாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஜார்ஜ்டவுனிலிருந்து லங்காவியின் குவா நகருக்குச் சுமார் 60 கடல் மைல். அத்தான் படகின் நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம், 36 அடி என்று வைத்துக்கொண்டால், நீரைப் பிளந்து சிக்கனமாக ஓடக்கூடிய வேகம் எட்டு ‘நாட்’டுக்குள்தான் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கும் பழைய கணக்கு அது. விடிந்ததும் புறப்பட்டு ஏழரை நாட் வேகத்தில் போனால், பிற்பகல் மூன்றரைக்குள் நங்கூரம் போட்டுவிடலாம். அதைவிட வேகமாகப் போகப் படகு தன் அலையின் மீதே ஏற வேண்டியிருக்கும். வேகத்தை இரட்டித்தால் ஒரு கடல் மைலுக்கு ஆகும் டீசல் மூன்று மடங்கைத் தாண்டலாம். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறிய நாளிலிருந்து, எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் வாக்குவாதமே இல்லை. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என்று எண்ணெயை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். லங்காவியிலிருந்து ஃபூக்கெட் வரை இன்னும் சுமார் 120 கடல் மைல். இடையில் லிப்பேயிலோ வேறு தீவிலோ தங்காமல் ஒரே மூச்சில் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இருட்டில் ஓடவே வேண்டாம். விளக்கில்லாத வலைப் படகுகளுக்கு உங்கள் ரேடாரும் ஜி.பி.எஸ்ஸும் பதில் சொல்லாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் படகில் நான் பார்த்தவரை, படகுத்துறையை நெருங்கும்போது கணவர் சுக்கானைப் பிடித்திருப்பார்; மனைவி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் நின்று, இடைவெளி ஒரு மீட்டராகக் குறைந்ததும் குதிப்பார். இது தலைகீழான ஏற்பாடு. பத்து டன் படகைக் கயிற்றால் இழுத்து நிறுத்தவும், சேற்றில் புதைந்த நங்கூரத்தைத் தூக்கவும் உடல்வலு வேண்டும். எஞ்சினின் கியரை முன்னும் பின்னும் தள்ள இரண்டு விரல் போதும். எனவே கயிறும் நங்கூரமும் அத்தானுடையவை, சுக்கான் உங்களுடையது. உங்கள் படகில் இரண்டு எஞ்சின்கள் இருப்பதால் இது இன்னும் எளிது. மெதுவான வேகத்தில் சக்கரத்தை நேராக விட்டுவிட்டு, ஒரு எஞ்சினை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். காற்றையோ நீரோட்டத்தையோ, இரண்டில் எது வலுவோ அதை எதிர்நோக்கியே துறையை நெருங்குங்கள். அப்போது எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலே படகு தானாக நிற்கும். குதிக்கும் வேலை யாருக்கும் கிடையாது. கயிறு எட்டாவிட்டால் விலகிப் போய் மறுபடி வர வேண்டியதுதான். வேடிக்கை பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நங்கூரமிடும்போது முன்னால் நிற்பவர் சொல்வது எஞ்சின் சத்தத்தில் பின்னால் கேட்காது. அவர் கத்துவார், நீங்கள் பதிலுக்குக் கத்துவீர்கள், அடுத்த படகில் இருப்பவர்களுக்கு உங்கள் குடும்ப விவகாரம் முழுவதும் தெரிந்துவிடும். ஆகவே கைச்சைகை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படகில் கை நீட்டிய பக்கம் திருப்ப வேண்டும், உள்ளங்கை பின்னால் அசைந்தால் ரிவர்ஸ், மூடிய முஷ்டி உயர்ந்தால் நியூட்ரல். லங்காவிக்குத் தெற்கே உள்ள பாயார் தீவில் பவளப்பாறை இருப்பதால் நங்கூரத்துக்கு இடமில்லை, மிதவையில்தான் கட்ட வேண்டும். அங்கே நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டிருக்க, என் கணவர் கொக்கியை நீட்டி மிதவைக் கயிற்றைப் பிடித்த அந்தக் கணத்தில் முஷ்டி உயர்வதும் என் கை கியரை விடுவிப்பதும் ஒரு சொல் இல்லாமல் நடந்து முடிந்துவிடும். மற்ற இடங்களில் நீரின் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள். ஆழத்தைக் கணக்கிடும்போது ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். நம் கடலில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஏறி இறங்கும்.

எஞ்சினைப் பற்றி அத்தானுக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைத் தினமும் நீங்களே செய்யுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் குனிந்து, புகைக்குழாயிலிருந்து புகையோடு நீரும் விட்டுவிட்டுப் பீச்சியடிக்கிறதா என்று பாருங்கள். கடல்நீரை உள்ளிழுத்துத்தான் எஞ்சின் குளிர்கிறது. அந்த வழியில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டால் போதும். பினாங்கு கால்வாயில், அதுவும் மழைக்குப் பிறகு, பைகளுக்குப் பஞ்சமே இல்லை. நீர் குறைந்து வெறும் வெள்ளை ஆவி வந்தால் எஞ்சினை உடனே நிறுத்திவிட்டு, கடல்நீர் வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். நீர் இறைக்கும் பம்பின் ரப்பர் இறக்கை ஒன்று உபரியாக இருக்கட்டும். வெப்பமான ஊரில் டீசல் தொட்டிக்குள் வேர்க்கும் நீரில் நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்ட்டரை அடைக்கும் என்பதால், தொட்டியை நிரப்பியே வைப்பது நல்லது.

அடுத்தது யாரும் பேச விரும்பாத விஷயம். அத்தான் கடலில் விழுந்துவிட்டால், படகில் மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான். மிதவை வளையத்தை எறிவது, ஜி.பி.எஸ்ஸில் அந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானை அமுக்குவது, அவரைப் பார்வையிலிருந்து விடாமல் வட்டமிட்டுத் திரும்புவது, அருகில் வந்ததும் சுழலி (புரொப்பெல்லர்) நிற்கும்படி நியூட்ரலில் போடுவது, பின்பக்க ஏணியை இறக்குவது ஆகிய எல்லாவற்றையும் நீங்கள் தனியாகச் செய்ய முடிய வேண்டும். ஒரு பழைய மெத்தையைத் தண்ணீரில் போட்டுப் பழகுங்கள். வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசையில் "மேடே" என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் என்ற வரிசையில் சொல்வதை ஒரு அட்டையில் எழுதிச் சுக்கானுக்கு அருகே ஒட்டுங்கள். மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானைச் சில விநாடிகள் அமுக்கினால் வானொலியே அபாயச் செய்தி அனுப்பும். ஆனால் படகின் அடையாள எண்ணை முன்கூட்டியே அதில் பதிந்திருக்க வேண்டும். இருவரும் படகின் மேல்தளத்தில் நிற்கும்போதெல்லாம் உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்கட்டும். அத்தான் முணுமுணுப்பார், விடாதீர்கள்.

ஆவண வேலைகளை அவரிடமே விட்டுவிடலாம். மலேசியாவை விட்டுப் புறப்படும்போது கடல்துறை, குடிநுழைவு, சுங்கம் மூன்றிலும் முத்திரை வாங்க வேண்டும். தாய்லாந்து போய்ச் சேர்ந்ததும் அங்கும் அதுபோலவே. தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள், அலுவலகம் மூடும் நேரத்திலும் ஏற்ற வற்ற அட்டவணையிலும் அது குழப்பும்.

சமையலைத்தான் நீங்கள் கேட்டீர்கள். ஓடும் படகில் அடுப்பு வேண்டாம். புளிச்சாதம், வறுத்த நெத்திலி, பிஸ்கட், ஃப்ளாஸ்க்கில் சுக்குக் காபி, அவ்வளவுதான். வயிறு குமட்டினால் உள்ளே போய்ப் படுக்காமல் வெளியே வந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தைப் பாருங்கள். முதல் நாள் வலப்பக்கத்தில் 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராய் பல மணி நேரம் கூடவே வரும். கடாரத்துக்கு (இன்றைய கெடா) வந்த சோழர் காலக் கப்பல்காரர்களும் அந்த மலையைப் பார்த்தே கரையை அறிந்தார்கள். குமட்டலுக்கும் அது நல்ல மருந்து.

டிசம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குவோம். அடுத்த ஞாயிறு காலை ஜெரெஜாக் தீவுக்கும் பினாங்குக் கரைக்கும் இடையில், பாலத்துக்குத் தெற்கே, கப்பல் போக்குவரத்து இல்லாத இடத்தில் நாங்கள் எங்கள் படகோடு இருப்போம். நீங்கள் சுக்கானைப் பிடியுங்கள், அத்தான் முன்னால் நங்கூரத்தோடு நிற்கட்டும். அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்துவிட்டு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை இரவு கூப்பிட்டுச் சொல்கிறேன். பழைய மெத்தை ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, நீங்கள் கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை