ஆடாத எட்டு வாரங்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

சீசன் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது, பையை இன்னும் பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். எங்கள் பேஸ்பால் அணி ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை 132 ஆட்டங்கள் ஆடியது, நான் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆடினேன். அந்தப் பாதிகூட என் ஒருவனால் நடந்ததல்ல.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. அமெரிக்காவின் உச்சமான மேஜர் லீகுக்குக் கீழே டிரிபிள் ஏ, அதற்குக் கீழே டபுள் ஏ, அதற்கும் கீழே ஹை ஏ. நான் ஹை ஏ மிட்வெஸ்ட் லீகில் செகண்ட் பேஸ் என்ற இடத்தில் நின்று ஆடுகிறேன்.

ஏப்ரல் நன்றாகவே போனது. விஸ்கான்சினில் விரல் விறைக்கிற குளிர், பந்து பேட்டின் கைப்பிடிப் பக்கம் பட்டால் முழங்கை வரைக்கும் அதிரும், ஆனாலும் அடித்துக்கொண்டிருந்தேன். மே நடுவில் ஒரு ஸ்லைடரை, அதாவது கடைசியில் வளைந்து விலகும் பந்தை, ஆடப்போய் ஸ்விங்கைப் பாதியில் நிறுத்தினேன், இடது உள்ளங்கையில் சுருக்கென்றது. முதலில் காட்டிய இடத்தில் சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் டிரெய்னர் அதை ஏற்கவில்லை. சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடியில் ஹேமேட் என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, கொக்கி மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும், பேட்டின் கைப்பிடி நுனியில் இருக்கிற குமிழ் சரியாக அதன்மேல்தான் அழுத்தும், அது உடைந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது என்று சொல்லி, இரண்டு நாள் விடாமல் போன் போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்க வைத்தார். உடைந்துதான் இருந்தது. அந்த முனையை அறுவை செய்து எடுத்தார்கள். நீங்கள் அன்று விட்டிருந்தால் நான் அந்தக் கையோடு ஜூன் முழுக்க ஆடியிருப்பேன், சார். அப்புறம் இந்தக் கை என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கையில் கட்டோடு இருந்த வாரங்களில் ஷூ லேஸ் கட்டிவிட்டதும், ஜாம் பாட்டில் மூடி திறந்து கொடுத்ததும், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும் என் அறைத்தோழன். அவன் பிட்ச்சர், பந்து வீசுகிறவன். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் மறுபடி ஆடிப் பழக அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பார்க்க ஆளே இருக்காது, கூட ஆடுகிறவர்கள் டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த 17, 18 வயதுப் பையன்கள். என் ஸ்பானிஷ் மோசம், அவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் நான் முதல் நாள் கேஜில், அதாவது வலை கட்டிய பயிற்சிக் கூண்டில், பயந்து பயந்து அடித்தபோது, ஒருத்தன் எதுவும் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பந்து போட ஆரம்பித்தான். பத்து நாளும் போட்டான். தம்பி, உன்னை மேஜர் லீகில் ஒருநாள் பார்ப்பேன்.

ஜூலை நடுவில் திரும்பி வந்தேன், தொடர்ந்து 23 முறை பேட் பிடித்து ஒரு ஹிட்கூட, அதாவது பேஸ் வரை ஓடிச் சேரவைக்கிற அடிகூட, இல்லை. இரவில் தூக்கமே வராது. எங்கள் ஹிட்டிங் கோச் என் ஸ்விங்கைத் தொடவே இல்லை. ஏப்ரல் வீடியோவையும் ஜூலை வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலி போனபிறகும் உள்ளங்கையைக் காப்பாற்றுவதற்காகப் பேட்டை அரை அங்குலம் மேலே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. குமிழ் சரிவாக இருக்கிற பேட் வரவழைத்துக் கொடுத்தார். ஆகஸ்டில் ஒஹாயோவின் டேட்டன் ஊரில் 24ஆவது முறை, ரைட் ஃபீல்டுக்கு ஒரு சாதாரண ஒற்றை ஹிட். டேட்டன் மைதானத்தில் 2000இல் ஆட்டம் தொடங்கியதிலிருந்து டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டமே கிடையாது என்பார்கள். அன்றும் நிறைந்திருந்தது, எதிரணியின் கூட்டம்தான், அதனால் யாரும் கைதட்டவில்லை. எங்கள் டக்அவுட்டில் மட்டும் கோச் எழுந்து நின்றார்.

நள்ளிரவு வரை எங்கள் உடுப்பைத் துவைத்துவிட்டு, மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து முட்டை பொரிக்கிற கிளப்ஹவுஸ்காரருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து இரவெல்லாம் பஸ் ஓட்டுகிறவருக்கும் நன்றி. ஒன்றுகூட விடாமல் ரேடியோவில் கேட்ட அம்மாவுக்கும். அப்புறம் ஆரன் சென்னி என்ற பழைய ஆட்டக்காரருக்கு. அவரை நான் பார்த்ததில்லை. எங்களைப் போன்ற கீழ்மட்ட லீக் ஆட்டக்காரர்களின் குறைந்த சம்பளத்தை எதிர்த்து 2014இல் அவர் தொடுத்த வழக்கு 2022இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. 2023 ஒப்பந்தத்தில் ஹை ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 27,300 டாலர் ஆனது. எனக்கு முன்னால் ஆடியவர்கள் காற்று மெத்தையில் நாலைந்து பேராகப் படுத்துக் கிடந்த கதை கேட்டிருக்கிறேன். எனக்குக் கட்டில் இருந்தது, கை ஆறும்வரை வாடகைக் கவலை இல்லாமல் இருந்தது.

சரி, அறைத்தோழா, இப்போது உனக்கு. ஜூலையில் டிராஃப்ட், அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கிற நாள்கள், 20 சுற்று, புதுப் பையன்கள் வந்தால் இருப்பவர்களில் சிலர் போயாக வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அந்தக் காலையில் மேனேஜர் அறையிலிருந்து நீ வெளியே வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நான் ஹிட் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த வாரம் அது. உன் நிலைமையில் நானாக இருந்தால் நேராகக் காருக்குப் போயிருப்பேன். நீ பெட்டி கட்டிவிட்டு, "வா, கேஜுக்குப் போகலாம்" என்றாய், ஒரு மணி நேரம் எனக்குப் பந்து போட்டாய். நீ அந்த அணிக்காகப் போட்ட கடைசிப் பந்துகள் அவை.

உன் ஊர்ப் பள்ளியில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் உடையாத பேட் நாலு இருக்கிறது. அக்டோபரில் காரில் எடுத்துக்கொண்டு வருகிறேன், ஒரு வாரம் உன் வீட்டில்தான் தங்குவேன்.