தபஸ்ஸும் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சித் தொகுப்பாளினிகள் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரை நன்று. ஆனால் மும்பைப் பதிப்பிலேயே இந்தித் தொகுப்பாளினி தபஸ்ஸும் பெயர் விடுபட்டது வருத்தமாக இருக்கிறது.

1972 அக்டோபரில் பம்பாய் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய கையோடு வந்தது அவருடைய நட்சத்திரப் பேட்டி நிகழ்ச்சி 'ஃபூல் கிலே ஹேன் குல்ஷன் குல்ஷன்'. 1993 வரை ஓடியது. இன்று சேனலுக்குச் சேனல் நடக்கும் நட்சத்திரப் பேட்டிகளுக்கெல்லாம் வழி போட்டுக் கொடுத்தது அதுதான். மாட்டுங்காவில் டி.வி. இருந்த வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் நாங்கள் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். இந்தி அரைகுறையாகத் தெரிந்த என் அம்மாவுக்கும் அவர் பேச்சு புரிந்தது. கூந்தலில் பூ, முகம் முழுக்கச் சிரிப்பு. எதிரே எவ்வளவு பெரிய நடிகர் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போலத்தான் கேட்பார். நடுவே ஓர் உருதுக் கவிதை வரி, ஒரு துணுக்கு. வந்தவரின் கூச்சம் போய்விடும். வம்பு கிளப்புவதே பேட்டி என்றாகிவிட்ட இந்நாளில் அந்தப் பண்பை நினைத்து ஏங்குகிறேன்.

அவர் 1940களிலேயே குழந்தை நட்சத்திரம். 'தீதார்' (1951) படத்தில் நடிகை நர்கிஸின் சிறு வயது வேடத்தில் நடித்தவர் அவர்தான். 'கிருஹலட்சுமி' என்ற இந்திப் பெண்கள் இதழுக்குப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். நகைச்சுவைப் புத்தகங்களும் எழுதினார். முதுமையில் யூடியூப்பையும் விடவில்லை. 2022 நவம்பரில், 78 வயதில், மும்பையில் காலமானார்.

அந்தப் பேட்டிகளில் கைவசம் உள்ள அனைத்தையும் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி இணையத்தில் வெளியிட வேண்டும். தாங்களும் அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகி,
செம்பூர், மும்பை