கண்ணன் முன்னா, கணேசன் முன்னா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகப் பணிக்கான மென்பொருள் தொகுப்புகளை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பணம் கட்டிப் புதிய பதிப்பு வாங்குவதா, கட்டணமில்லாத லிப்ரே ஆபிஸுக்கு மாறுவதா என்று யோசிப்பவர்களுக்கு அது வேளையறிந்து வந்த கட்டுரைதான். ஆனால் அத்தனை நீளமான வசதிப் பட்டியலில், தமிழில் வேலை செய்கிறவர் முதலில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுகூட இல்லை. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர்ப் பட்டியலும் கடிதங்களும் தயாரித்து வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மைக்ரோசாஃப்டின் எக்செல், லிப்ரே ஆபிஸின் கால்க் ஆகிய அட்டவணைச் செயலிகள் இரண்டிலும் ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு என்பதைக் கட்டுரை பாராட்டுகிறது. எங்கள் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதில்லை. எனக்கு வேண்டியது அந்த ஆயிரம் பெயர்களும் அகர வரிசையில் சரியாக நிற்பது. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையில், மெய்யெழுத்துப் புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் வருவதால், குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் கணேசன் முன்னும் கண்ணன் பின்னும் போய்விடுவார்கள். தமிழ் அகராதி முறையில் ‘ண்’ முந்தியது, ‘ணே’ பிந்தியது. அதேபோல் குறியெண்ணில் னகரம் பகரத்துக்கு முன்பே வந்துவிடுவதால், அன்பரசு அப்பாவுவை முந்திக்கொள்வார். கால்க் செயலியின் வரிசைப்படுத்தும் பெட்டியில் விருப்பங்கள் என்ற பக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அங்கே தமிழைத் தேர்ந்த பிறகே பட்டியலை வரிசைப்படுத்த வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் பலருக்குத் தெரியாமலே இருந்தது. ஒவ்வொரு தொகுப்பும் இந்தச் சோதனையில் என்ன செய்கிறது என்று கட்டுரையாளர் பார்த்திருந்தால், எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கும்.

அடுத்தது எழுத்துரு. லிப்ரே ஆபிஸில் கடிதமும் ஆவணமும் எழுதும் செயலியான ரைட்டர், மேற்கத்திய எழுத்து, கிழக்காசிய எழுத்து, சிக்கலான வடிவமுள்ள எழுத்து என்று மூன்று வகை வைத்திருக்கிறது. தமிழ் மூன்றாவதில் சேரும். பத்திகளின் எழுத்துரு, அளவு போன்றவற்றை ஒரே இடத்தில் வைக்கும் பத்திப் பாணியைத் திறந்து முதல் வகையில் மட்டும் அளவை 14 என மாற்றினால், ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் 12-இலேயே நிற்கும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பாதியிலேயே கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்தபின் இதுவே நன்மையாகிவிடுகிறது. வினாத்தாளில் தமிழுக்கு ஓர் எழுத்துரு, இடையில் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு வேறோர் எழுத்துரு என ஒரே பாணியில் வைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வேர்டில் செய்த கோப்பை ரைட்டரில் திறந்தால் அட்டவணை சிதறுகிறது என்ற குறை உண்மைதான். அதில் ஒரு பங்கு எழுத்துருவால் வருவது. காலிப்ரி இல்லாத கணினியில் அதே அகலமுள்ள கார்லிட்டோவும், டைம்ஸ் நியூ ரோமன் இல்லாத இடத்தில் லிபரேஷன் செரிஃபும் இருந்தால், வரிகள் பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. வானவில், பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளாகத் தெரிவது வேறு விஷயம். அதற்கு எந்தத் தொகுப்பையும் குறை சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தக் கோப்புகளை மாற்றாமல் வைத்திருப்பது நாம்தான்.

கட்டுரையில் இடம்பெறாத வசதி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ரைட்டரில் பிடிஎஃப் ஆக்கும்போது மூலக் கோப்பையும் அதற்குள்ளேயே பொதிந்து வைக்கலாம். பார்ப்பவருக்கு அது சாதாரண பிடிஎஃப். லிப்ரே ஆபிஸில் திறந்தால் மறுபடியும் திருத்தத்தக்க ஆவணம். சென்ற ஆண்டு அனுப்பிய சுற்றறிக்கையின் மூலக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று தேடும் வேலை எனக்கு இதனால் பாதியாகக் குறைந்தது.

சொற்பிழை திருத்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேற்றுமை உருபும் விகுதியும் ஏறிய சொற்களில் சரியானவற்றின் கீழும் சிவப்புக் கோடு விழுகிறது. இரண்டு சொற்களுக்கு இடையே விட்டுப்போன ஒற்று கண்ணில் படுவதே இல்லை. கடிதம் வெளியே போகுமுன் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுவதுதான் இன்றும் எங்கள் வழக்கம்.

மேக்ரோக்கள், அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள், எழுதி வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு மட்டும் மாறுவது எளிதல்ல. எக்செலுக்காக எழுதியவை கால்க்கில் ஓரளவே ஓடும். மீதியைத் திரும்ப எழுத ஆள் வேண்டும், அதற்குக் கூலியும் வேண்டும். எங்கள் பள்ளியில் கட்டணக் கணக்கு அப்படி ஒரு கோப்பில் இருப்பதால், மற்ற நான்கு கணினிகளும் மாறிவிட்ட பிறகும் கணக்காளரின் கணினியை நாங்கள் தொடவில்லை.

இப்படிக்கு,
பள்ளி அலுவலக உதவியாளர் ஒருவர்,
தென்காசி.