அப்பாவுக்கு ஒரு சாஃப்ட்பால் கடிதம்

நியூ ஜெர்சி,
ஜூன் 14.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே நீங்கள் இருவரும், தம்பியும், மேலத்தெரு அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பா, உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் அடிக்கடி பேசிக்கொண்டாலும் உங்கள் கையெழுத்தைப் பார்ப்பது தனி. கண்ணில் புரையை வைத்துக்கொண்டு, வரி கோணாமல் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். "பேத்தி மட்டையும் கையுமாக நிற்கிற படங்களை அனுப்புகிறாய், மைதானம் எத்தனை அடி, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், நடுவர் யார், விதி என்ன, ஒன்றும் எழுதக் காணோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயுள் முழுவதும் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலோடு நின்றவர் நீங்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்கும் இந்த விஷயத்தில் உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியது நிறையத் தேங்கிக் கிடக்கிறது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்பால் ஏறக்குறைய பேஸ்பால்தான். மைதானம் சிறியது, பந்து பெரியது. கயல் வயதுப் பெண்களுக்குப் பந்தின் சுற்றளவு 11 அங்குலம். நம் கிரிக்கெட் பந்து 9 அங்குலம்தானே, அதைக் கொண்டு கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். பந்தை அடித்தவள் ஓடித் தொட வேண்டிய நான்கு முனைகள்தான் பேஸ்; நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 60 அடி. பந்து வீசுபவள் 35 அடி தள்ளி நின்று, கையை முழு வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழேயிருந்து வீசுவாள். களத்தில் ஒன்பது பேர். மூன்று பேர் அவுட்டானால் மட்டை மற்றவர்களிடம் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரு முறை மட்டை பிடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ். 1887இல் சிகாகோவில் ஒரு படகு மன்றத்தின் கட்டடத்துக்குள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகவும் துடைப்பக் கட்டையை மட்டையாகவும் வைத்து ஆடத் தொடங்கினார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கயல் சேர்ந்திருப்பது ஊர்ப் பெற்றோர்களே நடத்தும் லீக். திறமை பார்த்து யாரையும் ஒதுக்குவதில்லை. பெயர் கொடுத்த எந்தப் பெண்ணுக்கும் இடம் உண்டு. பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாலையில் வேலை முடிந்து, அதே சட்டையோடு மைதானத்துக்கு வந்து கோடு போடுகிறார்கள், மண்ணைச் சமப்படுத்துகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏப்ரல் மாதம் ஆட்டம் தொடங்கியபோது இங்கே குளிர் எட்டு, ஒன்பது டிகிரி. அந்தக் குளிரில் மட்டையில் பந்து பட்டால் உள்ளங்கை விண்ணென்று தெறிக்கும்; சின்னப் பிள்ளைகள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவர்கள் கையைத் தேய்த்துவிட்டு மறுபடி நிறுத்துவதும் அதே பயிற்சியாளர்கள்தான்.

விதிகளும் படித்துப் பார்த்தால் நல்லவைதான். வந்திருக்கும் எல்லாப் பெண்களும் வரிசையாக மட்டை பிடிக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் குறைந்தது இரண்டு இன்னிங்ஸாவது களத்தில் நின்றாக வேண்டும். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை ஒரேயடியாக நசுக்கிவிடக் கூடாது என்று, ஒரு இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்னுக்கு மேல் எடுக்க முடியாது. கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. ஆட்டம் தொடங்கி 75 நிமிடம் ஆகிவிட்டால் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. அடுத்த குழுவுக்கு மைதானம் வேண்டும், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது. பிள்ளைகளை நினைத்து யாரோ நல்ல மனத்தோடு எழுதிய விதிகள் என்று படித்ததுமே தெரிகிறது.

அப்பா, அந்த நல்ல விதிகளை வைத்துக்கொண்டே பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இரண்டு இன்னிங்ஸ் என்றால் சரியாக இரண்டே இன்னிங்ஸ். அதுவும் வலது பக்கக் கடைக்கோடியில். அங்கே பந்து வருவது அபூர்வம்; கயல் அங்கே நின்று கையுறைக்குள் புல்லைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருப்பாள். பந்து வீசுவது என்றைக்கும் பயிற்சியாளரின் மகள். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் பந்தைத் தவறவிட்டால் பேஸில் நிற்பவள் அடுத்த பேஸுக்கு ஓடலாம் என்று ஒரு விதி. பத்து வயதுப் பெண் எத்தனை பந்தைத்தான் பிடிப்பாள்? எட்டு ரன் முன்னால் இருக்கும்போதும் "ஓடு, ஓடு" என்று கத்தி ஓடவிடுகிறார்கள். சில மாலைகளில் மட்டையில் பந்து படாமலே ஆட்டம் முடிந்துவிடுகிறது. அந்தக் கேட்சர் பெண் முகக்கவசத்துக்குள் அழுவது எதிர்ப்பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரியாது. வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியும்.

மே மாதக் கடைசியில் நடந்ததைக் கேளுங்கள். நாங்கள் ஆறு ரன் பின்னால். மூன்றாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். கயல் மட்டை பிடிக்க வந்தாள். அந்த சீசனில் அதுவரை அவள் ஒரு பந்தையும் உருப்படியாக அடித்ததில்லை. இரண்டாவது பந்தை அடித்தாள் பாருங்கள், அது பந்து வீசுபவளின் காலுக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு போய்ப் புல்லில் விழுந்தது. ஓடிப்போய் முதல் பேஸில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். ஹெல்மெட் மூக்கில் சரிந்திருக்கிறது, அதை நிமிர்த்தக்கூடத் தோன்றாமல் என்னைத் தேடிப் பார்க்கிறாள்.

அப்போது ஆட்டம் தொடங்கி 73 நிமிடம். பயிற்சியாளர் கணக்குப் போட்டிருக்கிறார். ஐந்து ரன் வரம்பு இருப்பதால் இந்த இன்னிங்ஸில் எவ்வளவு அடித்தாலும் ஆறு ரன்னை எட்ட முடியாது. 75 நிமிடத்துக்குள் மூன்றாவது அவுட் விழுந்துவிட்டால் வரம்பில்லாத இன்னொரு இன்னிங்ஸ் கிடைக்கும். பந்து வீசுவதற்கு முன்னால் பேஸை விட்டு நகர்ந்தால் அவுட் என்பது விதி. "காலை எடு, கயல்! இப்போதே நகர்! அவுட் ஆகு!" என்று மைதானம் கேட்கக் கத்தினார். குழந்தைக்கு விளங்கவில்லை. மறுபடி கத்தினார். அவள் பேஸிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தாள். அவுட்.

உடனே எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர் உள்ளே வந்தார். அவருக்கு அந்த அவுட் வேண்டாமாம். வேண்டுமென்றே ஆன அவுட் செல்லாதாம். அதுவரை ஷூக் கயிறு கட்டச் சொல்லியும் பந்து வீசுபவளை மாற்றியும் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தவர் அவர். இருவரும் விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதாடினார்கள். நடுவில் நின்ற நடுவருக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும். பள்ளி மாணவன், கைச்செலவுக்காக வருகிறவன். இரண்டு தகப்பன்மார் அவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டுகிறார்கள், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தாய்மாரும் சேர்ந்துகொள்கிறார்கள். களத்தில் நின்ற பெண்கள் உட்கார்ந்து மண்ணில் படம் வரையத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் அந்த இன்னிங்ஸும் நடந்தது, நாங்கள் தோற்றும் போனோம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரில் வரும்போது கயல், "அடி என்று சொன்னதும் அவர்தானே அம்மா? அப்புறம் ஏன் அவுட் ஆகச் சொன்னார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். மாவட்டப் போட்டியில் கோ-கோ ஆடும்போது, விழுந்த பெண்ணைத் தூக்கிவிடாமல் தொட்டு அவுட்டாக்கியதற்காக நம் பள்ளிப் பிள்ளைகளையே நீங்கள் திட்டினீர்களே, அது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

பக்கத்து வீட்டுத் தாத்தா என்றேன் அல்லவா? தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். கொட்டும் பனியிலும் அரைக்கால் சட்டைதான். தெருவில் யாரோடும் பேச மாட்டார். ஆனால் வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் தக்காளி நாற்று வைத்துவிட்டுப் போவார். அவர் வீட்டுப் பிள்ளை யாரும் ஆடவில்லை, இருந்தும் எல்லா ஆட்டத்துக்கும் மடக்கு நாற்காலியோடு வந்து, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, பென்சிலால் ஒரு நோட்டில் ஸ்கோர் எழுதுவார். அன்றைக்கு அந்தச் சண்டை முடிந்ததும் நோட்டைத் திறந்து கயலிடம் காட்டினார். அவள் பெயருக்கு நேரே ஒரு சின்னச் சதுரம், அதில் முதல் பேஸ் வரை அழுத்திக் கோடு இழுத்திருந்தார். "இது உன் அடி, இதை யாரும் அழிக்க முடியாது" என்றார்.

அவர் பிறந்தது ஹோபோக்கன், நியூயார்க்குக்கு எதிர்க்கரை. அந்த ஊரில்தான் 1972இல் மரியா பெப்பே என்ற பெண் பையன்களோடு, லிட்டில் லீக் என்ற சிறுவர் விளையாட்டு அமைப்பின் பேஸ்பாலில் பந்து வீசினாளாம். மூன்றே ஆட்டம். பெண்ணை ஆட விட்டால் ஊருக்கு அனுமதியே போய்விடும் என்று மேலிடம் சொன்னதால் அவளை நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போட்டு, 1974இல் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் பெண்கள் பக்கம் தீர்ப்பு உறுதியாயிற்று. அதற்குள் அவளுக்கு வயது கடந்துவிட்டது. அதே 1974இல்தான் லிட்டில் லீக் பெண்களுக்கென்று சாஃப்ட்பாலைத் தொடங்கியது. அவ்வளவு பாடுபட்டு ஒரு பெண் திறந்துவிட்ட கதவு, அப்பா. அதன் வழியாக வந்த பிள்ளையை பேஸிலிருந்து இறங்கச் சொல்கிறார்கள்.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். இதே மாநிலத்தில் டெப்ஃபோர்டு என்ற ஊரில் பெற்றோர் திட்டுவது பொறுக்காமல் நடுவர்கள் விலகத் தொடங்கியதும், 2023இல் அங்குள்ள லீக் ஒரு விதி கொண்டுவந்தது. நடுவரைத் திட்டுகிறவர், மூன்று ஆட்டத்துக்குத் தாமே நடுவராக நின்று பார்த்த பிறகுதான் மறுபடி வேடிக்கை பார்க்க வரலாம். இதை எங்கள் லீக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். என் உச்சரிப்பு புரியவில்லை என்று ஒருவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். அடுத்த கூட்டத்திலும் சொல்வேன்.

அம்மா, நீ படத்தைப் பார்த்து, "காது ஏன் மூளியாக இருக்கிறது?" என்று கேட்டாய். ஆட்டத்தின்போது நகை கூடாது என்பது எங்கள் லீக் விதி. நீ காதுகுத்துக்குப் போட்ட தோட்டை என் கைப்பைக்குள் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த மறு நிமிடம் போட்டுவிடுகிறேன். இதில் எனக்கு வருத்தமில்லை, பந்து பட்டால் காது கிழியும். சாப்பாட்டைப் பற்றியும் கவலைப்படாதே. ஆட்டத்துக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போகிறேன். கயலின் தோழிகளுக்கு முறுக்கு என்றால் உயிர். மைதானத்துத் தின்பண்டக் கடையில் பெற்றோர் முறை வைத்து நிற்க வேண்டும். நின்றால் முன்பணமாகக் கொடுத்த காசோலையைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஹாட்டாக் வாடை முடியில் ஏறிவிடுகிறது, மற்றபடி சிரமமில்லை. கையுறை தாத்தா கொடுத்த பழையது. பழகிய தோல்தான் கைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெளியூர் போய் ஆடும் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டார்கள். அதற்குச் சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். கயலுக்கு வயது இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டோம். மாப்பிள்ளை இப்போது பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறார், சமையலுக்கு உதவுகிறார். புதிய இடம் ஒன்றில் பேசிக்கொண்டிருக்கிறார்.

போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு நடுவில் இடி இடித்தது. இடி கேட்டால் எல்லோரும் களத்தை விட்டு வெளியேற வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். காரில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியை இறக்கியதும் நனைந்த மண் வாசனை வந்தது. இந்நேரம் குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும், அம்பாசமுத்திரம் வரைக்கும் அந்தக் காற்று வந்திருக்கும், நீங்கள் திண்ணையில் ஈஸிசேரை இழுத்துப் போட்டிருப்பீர்கள். எனக்கு உடனே அங்கே வந்துவிட வேண்டும் போல் இருந்தது, அப்பா. சாரல் முகத்தில் பட, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். கயல் பின்சீட்டில் தூங்கிவிட்டதால் அவள் பார்க்கவில்லை. அன்றைய ஆட்டம் ரத்து.

இந்த வருடமும் நெல்லையப்பர் ஆனித் தேருக்கு வர முடியாது. அத்தையிடம் எனக்காகவும் வடம் தொட்டுக் கும்பிடச் சொல்லுங்கள்.

அப்பா, கண் அறுவை சிகிச்சையைத் தேருக்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். மருத்துவர் தேதி கொடுத்திருந்தால் அந்தத் தேதியிலேயே முடித்துவிடுங்கள்; தம்பி லீவு போட்டு உடன் இருக்கட்டும். இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாகும், 25ஆம் தேதிக்குள் வந்துவிடும். சிகிச்சைக்கு அவசரமென்றால் என் பெயரில் உள்ள நகைச்சீட்டை முடித்து எடுத்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். கீழவயல் பட்டா விஷயத்தில் சின்ன மாமா சொல்வதை நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் தம்பியே நேரில் போய், சர்வே எண்ணைச் சரிபார்த்து, எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பட்டும். தென்காசிப் பெண்ணின் ஜாதகம் பொருந்தியதா, அவர்கள் பெண் பார்க்க எப்போது வரச் சொல்கிறார்கள்? தம்பி அதைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். அம்மா, நீ எழுது.

அன்புடன்,
உங்கள் மகள்

பின்குறிப்பு: அப்பா, உங்கள் பழைய விசில் பீரோவில் இருந்தால் அடுத்த பார்சலில் வைத்து அனுப்புங்கள். வரும் பருவத்துக்கு உதவிப் பயிற்சியாளராகப் பெயர் கொடுத்திருக்கிறேன்.