காத்திருந்த நேரத்துக்குச் சம்பளம்

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள் என்று விடிகாலை ரயில் பிடித்துப் போய், கோர்ட் வராந்தாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் வழக்கு ஒத்திவைப்பு என்று திருப்பி அனுப்பினார்கள், ரயில் செலவுகூட முழுதாகக் கைக்கு வரவில்லை என்றாய். 'இதற்குப் பேசாமல் கணக்கே படித்திருக்கலாம்ப்பா' என்றும் சொன்னாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

ஓய்வு பெற்றதிலிருந்து நம் தொழில்காரர்களை, கோர்ட் மொழிபெயர்ப்பாளர்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் ஆவதற்கு முன்பு திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், அது உனக்குத் தெரியும். இப்போது மனசில் உட்கார்ந்திருப்பவர் தென்னாப்பிரிக்காவின் சால் பிளாய்க்கி. 1876-இல் பிறந்தவர், மிஷன் பள்ளியில் படித்தவர். 1894-இல் கிம்பர்லி தபால் ஆபீஸில் சேவகராகச் சேர்ந்தார். த்ஸ்வானா, டச்சு, ஆங்கிலம், ஜெர்மன், கோசா என்று நாக்கில் ஒரு சந்தையே இருந்தது. 1898-இல் மாஃபெகிங் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை, குமாஸ்தாவும் அவர்தான். அந்தப் பகுதியை ஆண்ட பிரிட்டிஷ் கேப் காலனி அரசு ஒரு சம்பளத்தில் ரெண்டு ஆள் வேலையை வாங்கிக்கொண்டது. கேட்டால் நமக்குப் பழகின கதையாகத்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் பிரிட்டிஷாருக்கும், டச்சு வழிவந்த வெள்ளைக்காரர்களான போயர்களுக்கும் போர். போயர் படை ஊரை வளைத்தது, 217 நாள் முற்றுகை. உள்ளே ராணுவச் சட்டப்படி ஒரு கோர்ட் நடந்தது. கறுப்பர்களின் குடியிருப்பில் பசி. குதிரை இறைச்சி சூப்பை ஊற்றிக்கொடுத்த காலம் அது. திருட்டு என்றும் உளவு என்றும் பிடித்துவந்த ஆட்களை விசாரித்து, சிலரைச் சுட்டே கொன்றார்கள். எதிரே நிற்பவன் த்ஸ்வானாவில் பேசுவான், மேஜைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரிக்கு ஆங்கிலம்தான் புரியும். நடுவில் இருபத்து மூன்று வயசுப் பையன் பிளாய்க்கி. ஒரு வினைச்சொல்லை நழுவவிட்டால் ஓர் ஆள் போய்விடுவான். அந்த இடத்தில் நின்றவருக்கு அரசு கொடுத்தது போதவில்லை போல. போர்ச் செய்தி அனுப்ப வந்திருந்த பத்திரிகைக்காரர்களுக்கு டைப் அடித்துக் கொடுத்துத் தனியாகச் சம்பாதித்தார். ராத்திரியில் டயரியும் எழுதினார். அது எழுபது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது.

அப்புறம் காலனியின் சிவில் சர்வீஸ் தேர்வில் டச்சு மொழியும் டைப்பிங்கும் எழுதினார். ரெண்டிலும் காலனியிலேயே முதல் இடம், வெள்ளைக்காரப் பையன்களையும் சேர்த்துத்தான். 1902-இல் வேலையை விட்டுப் பத்திரிகை ஆசிரியர் ஆகிவிட்டார். சில வருஷம் கழித்துக் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் ஏன் இன்றியமையாதவர் என்று ஒரு கட்டுரை எழுதிவைத்தார். கோபத்தில் எழுதியது என்று எனக்குத் தோன்றவில்லை, நொந்து எழுதியது.

அவருடைய மைத்துனர் ஐசையா பட் எம்பெல்லேயும் இதே தொழில்தான், கிம்பர்லி உயர் நீதிமன்றத்தில். கேப் சிவில் சர்வீஸ் தேர்வில் தேறிய முதல் கறுப்பர் அவர். ஒரே வீட்டில் ரெண்டு துபாஷிகள் என்றால் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

என் காலத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த ஊர் என்று வேண்டாம். மேல்முறையீட்டுக்குப் போகும் சாட்சியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் ஒரு காகிதக் கட்டில் 'அவன் தட்டிட்டான் ஐயா' என்று இருந்தது. அடித்தானா, பறித்தானா? கேட்க சாட்சி எதிரே இல்லை, காகிதம்தான். முன்னால் எட்டுப் பக்கம் புரட்டியபோது, பஸ் ஸ்டாண்டில் மணிபர்ஸ் காணாமல் போனது கிடைத்தது. ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம். அன்றைக்கு மாலை மேலதிகாரி கேட்டது, 'இன்னைக்கு எத்தனை பக்கம் முடிச்சீங்க?' எங்களைப் பதவி உயர்வுப் பட்டியலில் எங்கே வைப்பது என்று எட்டு வருஷம் ஃபைல் ஓடியது. அப்படியிருந்தும் ஒரு வழக்குக்காரர் நீட்டிய லஞ்சக் கவரை நான் வாங்கவில்லை. உன் அம்மா அப்போது கம்மலை அடகு வைத்திருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதனால் வேலையை விடு, விடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு நோட்டு வாங்கு. வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், கோர்ட் வாசலில் நுழைந்த நேரம், கூப்பிட்ட நேரம், அனுப்பிய நேரம் எல்லாம் தேதி போட்டு எழுது. அடுத்த முறை கூலி பேசும்போது அந்த நோட்டை மேஜைமேல் வை. உன்கூட வேலை செய்யும் மற்ற மொழிக்காரர்களையும் எழுதச் சொல். ஒருத்தி கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள், இருபது பேர் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.

நீ கேட்டிருந்த அந்தச் சொல். யாழ்ப்பாணத்துக்காரர் 'மச்சான்' என்றால் அத்தை மகனாக இருக்கலாம், அக்கா புருஷனாக இருக்கலாம், வெறும் சிநேகிதனாகவும் இருக்கலாம். நீயாக ஒன்றை எடுத்துக்கொள்ளாதே. நீதிபதியிடம் அனுமதி வாங்கி, எந்த முறையில் மச்சான் என்று சொன்னவரிடமே கேள். 'பேந்து' என்றால் பிறகு, அதில் குழப்பமில்லை.

அன்புடன்,
அப்பா