வேதாரண்யத்துக்கு ஒரு புயல் பதிவேடு கேட்டு மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வேதாரண்யம் நகரவாசி,
வேதாரண்யம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகப்பட்டினம்.

பொருள்: வேதாரண்யம் நகரையும் சுற்றுக் கிராமங்களையும் தாக்கிய புயல், கடல் சீற்றம், வெள்ளம் ஆகியவற்றின் விவரங்களைத் தொகுத்துப் பதிவேடாக்கவும், தண்ணீர் ஏறிய உயரத்தை ஊரில் குறித்து வைக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறிக் கொண்டிருந்தது. ஓடுகள் பறந்து, கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்ற நேரத்தில் காற்று சட்டென்று அடங்கியது. புயல் போய்விட்டது என்று நினைத்து, மாட்டைப் பார்க்கக் கிளம்பினேன். என் அப்பா கையைப் பிடித்து இழுத்தார். "வெளியே போகாதே, இப்ப எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும்" என்றார். கொஞ்ச நேரத்தில் அப்படியே அடித்தது. மாட்டுக் கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை.

அவருக்கு அது எப்படித் தெரியும்? 1952 நவம்பர் கடைசியில் வந்த புயலில் அவர் பத்து வயதுப் பையன். அந்தப் புயலிலும் காற்று இப்படி நடுவில் ஓய்ந்து, திரும்பி அடித்திருக்கிறது. 66 வருடம் கழித்து அந்த நினைவு என் உயிரைக் காப்பாற்றியது. இப்போது அப்பா இல்லை. அவர் வயதுக்காரர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர்தான் மிச்சம். நான் இந்த மனுவை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊரின் இருப்பு தாங்கள் அறிந்ததே. கிழக்கே வங்கக் கடல். கோடியக்கரையில் கரை திரும்பியதும் தெற்கே பாக் நீரிணை. அது ஆழம் குறைந்த கடல். புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீருக்கு அங்கே இடம் போதாமல் கரைமேல் ஏறுகிறது. மேற்கே சதுப்பும் உப்பளமும். மேலேயிருந்து வரும் மழைத் தண்ணீர் முகத்துவாரம் தூர்ந்து கிடப்பதால் வடிய வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வரும் என்பது காற்றைப் பொறுத்தது.

1952-க்கு அப்புறம் 1955 டிசம்பர் தொடக்கத்தில் இன்னொரு புயல். ராஜாமடம் பக்கம் கடல் பல மைல் உள்ளே போனது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1977 நவம்பர் 12 நாகைப் புயலில் டெல்டாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1993 டிசம்பரில் காரைக்கால் அருகே ஒன்று. 2008-இல் நிஷா, காற்றைவிட மழைதான் அதில் வயலை அழித்தது. 2004 டிசம்பர் 26 இவை எதிலும் சேராதது. காற்றும் இல்லை, கூண்டும் ஏற்றவில்லை, ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயிலில் கடல் எழுந்து வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். எங்கள் பக்கம் இழப்பு நாகை, வேளாங்கண்ணி அளவுக்கு இல்லை. ஆனால் அன்று தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது, எந்த மணல் மேடு அதைத் தடுத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

கஜாவில் இழந்தது எல்லோருக்கும் தெரியும். மா, தென்னை, முந்திரி, சவுக்கு எல்லாம் வேரோடு சாய்ந்தன. உப்பளங்களில் குவித்து வைத்த உப்பு கரைந்து போனது. கடல் சேறு கரையோரத்தில் வந்து படிந்தது. நிவாரணக் கணக்கெடுப்பில் எத்தனை மரம், எத்தனை வீடு என்று எழுதினார்கள். அது தேவைதான். ஆனால் சுவரில் தண்ணீர் எத்தனை அடி ஏறியிருந்தது என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கறையும் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் மறைந்தது.

இதனால் என்ன நஷ்டம் என்று தாங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஓர் அரசுக் கட்டடம் எழுந்தது. அடித்தளம் போடும்போதே, அது தண்ணீர் நிற்கும் பள்ளம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கட்ட வந்தவர்களிடம் அதைச் சரிபார்க்க ஒரு தாளும் இல்லை. கிழவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். முதல் மழைக்காலத்திலேயே உள்ளே முழங்கால் தண்ணீர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்து இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகும் அலுவலருக்கு ஊரின் கதையை யார் சொல்லியிருப்பார்கள்?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் தாங்கள். மாவட்டத்தில் எந்தெந்த இடங்கள் ஆபத்துக்கு உள்ளாகும் என்பதை மாவட்டத் திட்டத்தில் காட்ட வேண்டும், ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும் என்று அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் ஊரின் பதிவேட்டை அந்தத் திட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

தாலுகா அலுவலகத்திலும் நகராட்சியிலும் இருக்கும் பழைய நிவாரணக் கோப்புகள், ரயில்வே, கலங்கரை விளக்கம் ஆகியவற்றின் குறிப்புகள், வானிலைத் துறையின் மழை அளவுகள் இவற்றை ஓரிடத்தில் சேர்க்க ஆணையிட வேண்டுகிறேன். எழுபது வயது தாண்டியவர்களை வீடு தேடிப்போய்க் கேட்டு எழுத வேண்டும். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கோப்பு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், கோடியக்கரை மீனவர்களிடமும் அகஸ்தியன்பள்ளி உப்பளத் தொழிலாளர்களிடமும் கேட்காமல் இந்த வேலை முடியாது. இரண்டு மூன்று பேர் ஒரே அளவைச் சொன்னால் மட்டும் அதை உறுதி என்று எழுதலாம்.

அப்புறம், உறுதியான அளவுகளைப் பள்ளிச் சுவர், பாலத் தூண், பேருந்து நிலையம் போன்ற இடங்களில் தேதியோடு பெயின்டில் ஒரு கோடாகப் போட வேண்டும். செலவு அதிகம் ஆகாது. தினமும் அதைப் பார்த்துப் போகும் பிள்ளைக்கு, தண்ணீர் தன் தலைக்கு மேல் நின்றது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இனிக் கட்டும் புகலிடங்களும் டிரான்ஸ்பார்மர் மேடைகளும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டால், எங்களுக்கு அதுவே பெரிய உதவி.

அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் பெரியவர்களைக் கேட்டு எழுதும் வேலையையாவது முடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊழியர் பற்றாக்குறை என்றால் நானும் எங்கள் தெரு இளைஞர்களும் சம்பளமின்றிக் கூட வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேதாரண்யம் நகரவாசி

இணைப்பு: 1952, 1955, 1977 புயல்களைப் பற்றி என் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய நோட்டின் நகல்.