அம்மாவின் தலைமாட்டில் ஒட்டிய தாள்: ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அம்மா நேற்று மாலை வீடு திரும்பிவிட்டார். நாங்கள் எதைக் கடந்து வந்தோம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை மீண்டும் எழுத மனம் வரவில்லை. இரத்தம் தந்தவர்கள், இரவில் துணையிருந்தவர்கள், சோறு அனுப்பியவர்கள், தேவாலயத்தில் மன்றாடியவர்கள், கோயிலில் அருச்சனை செய்வித்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வைத்தியசாலை விடுதியில் இரவுப் பணியிலிருந்த சிற்றூழியப் பெண்மணி ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டும். கண்விழித்த அம்மாவின் நாவில் தமிழ் வரவில்லை. சிறுவயதில் வீட்டில் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது போர்த்துக்கேயமும் இம்மண்ணின் மொழிகளும் கலந்து பிறந்த எங்கள் மொழி, மட்டுமே வந்தது. பிதற்றுகிறார் என்றே பலரும் எண்ணினர். அந்த அக்காதான், "இது உங்கட வீட்டுப் பாஷையா, தங்கச்சி?" என்று வினவி, தண்ணீர், வலி, குளிர், விளக்கு ஆகியவற்றை அம்மா எப்படிச் சொல்வார் என்று என்னிடம் கேட்டு, தமிழ் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். அடுத்து வந்த தாதியரும் அதைப் பார்த்தே அம்மாவுடன் பேசினர். எங்கள் மொழியிலும் தமிழைப் போல வினை இறுதியில் வருவதால், சொற்களைக் கோப்பது அக்காவுக்குக் கடினமாக இருக்கவில்லை. உச்சரிப்புத்தான் சறுக்கியது, அம்மா சிரித்தார், திருத்தவும் செய்தார்.

அரச கட்டடமொன்றின் சுவரில் எங்கள் மொழியை நான் கண்டது அதுவே முதன்முறை. போர்த்துக்கேயர் 1658இல் இலங்கையை முற்றாக இழந்தனர். பின்வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்ததோடு அந்த மொழியையும் அகற்ற முயன்றனர். ஆங்கிலேயர் காலத்தில் உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வழியாயிற்று. தச்சரும் கொல்லரும் தையற்காரருமான பறங்கியர், அதாவது இங்கு குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்த எங்கள் சமூகத்தார், கொச்சை என்று இகழப்பட்ட இதைச் செபத்திலும் திருமண வீட்டுக் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்திலும் விடாது பேணினர். ஆகவே இதை வெறும் ஆட்சியாளரின் எச்சம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு பேரரசு விட்டுச்சென்றதை, அடுத்த இரண்டும் வேண்டாமென்றபோதும் தமதென்று வைத்துக்கொண்டவர்கள் இம்மண்ணில் பிறந்தவர்கள். 2004 ஆழிப்பேரலையில், மட்டக்களப்பின் கரையோரப் பறங்கியர் குடியிருப்பான டச்பாரை அழித்த கடல் அவர்களுள் பலரைக் கொண்டுபோயிற்று.

அம்மா தேறியதும் அவரது கதைகளையும் பாட்டுகளையும் ஞாயிறுதோறும் ஒலிப்பதிவு செய்து, அக்கா காட்டிய வழியில் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பேன். எங்கள் பிள்ளைகள் படிப்பது தமிழில்தானே. இம்மொழி பேசும் மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லியனுப்புங்கள், அவர்களிடமும் வருகிறேன்.